சினிமாவில் இயேசுவைத் தேடலாமா? அறந்தாங்கி பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கு!

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போனை எடுத்தால், சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்து கிடக்கும். 'அன்பே சிவம்' படத்தில் இருந்து ஒரு காட்சி, கீழே ஒரு பைபிள் வசனம், பின்னணியில் கிட்டார். இரண்டு நிமிடத்தில் செய்தி முடிந்துவிடும். சென்னை ஐ.டி. கம்பெனியில் இருப்பவரும் பார்க்கிறார், அறந்தாங்கியில் கடை வைத்திருப்பவரும் பார்க்கிறார்.

இது சரியா? சபைக்குள்ளேயே இரண்டு கட்சி. 'சினிமாவே பாவம், அதில் என்ன தேவ செய்தி?' என்பார்கள் பெரியவர்கள் சிலர். 'ஆள் எங்கே இருக்காங்களோ அங்கேதானே போய்ப் பேசணும்' என்பார்கள் இளைஞர்கள். வெளியே மூன்றாவது குரலும் உண்டு: 'எல்லாப் படத்தையும் உங்க மதத்துக்கு இழுக்காதீங்கப்பா!'

மூன்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

புதுசு இல்லை

பைபிளிலேயே முன்னுதாரணம் உண்டு. அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தில், ஏதென்ஸ் நகரத்து மக்களிடம் பேசும் பவுல், அவர்களுடைய கவிஞர்களையே மேற்கோள் காட்டுகிறார். இயேசுவும் விதைக்கிறவன், தொலைந்துபோன காசு, வீட்டை விட்டு ஓடிய மகன் என்று ஊர் அறிந்த கதைகளைத்தான் சொன்னார்.

தமிழகத்திலும் கதையும் நாடகமும் சினிமாவும் சபைக்கு அந்நியமாக இருந்ததில்லை. அறந்தாங்கி இருக்கும் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் ஆவூர் இருக்கிறது. வீரமாமுனிவர் பணியாற்றிய அந்த ஊரில், ஈஸ்டர் காலத்தில் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடத்துவதும், தேர் இழுப்பதும் வழக்கம். மேடையில் ஓடிய 'ஞானசௌந்தரி' கதை 1948இல் சினிமாவாகி வெற்றி பெற்றது. தமிழில் 'பா' வரிசைப் படங்களால் புகழ்பெற்ற ஏ.பீம்சிங், இயேசுவின் வாழ்க்கையைத் தெலுங்கில் 'கருணாமயுடு' என்று எடுத்தார். 1978இல் வந்த அந்தப் படத்தை ஊர் ஊராகத் திரை கட்டிப் போட்டுக் காட்டினார்கள்.

ஆக, சினிமாவைத் தொடலாமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. எப்படிப் பார்ப்பது என்பதில்தான் இப்போது சிக்கல்.

'கட்' பண்ணினால் என்ன ஆகும்?

'அன்பே சிவம்' (2003) படத்தையே எடுத்துக்கொள்வோம். விபத்தில் சிதைந்துபோன கம்யூனிஸ்ட் நல்லசிவத்தை ஒரு கன்னியாஸ்திரி பராமரிக்கிறார். குணமாகி வரும் நல்லசிவம், தன் காதலியை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்கிறார். நல்ல சமாரியன் கதை, தியாகம், அன்பே கடவுள் என்று பிரசங்கத்துக்கு எல்லாம் கையில் ரெடி.

ஆனால் அதே படத்தில் இன்னொருவர் இருக்கிறார். நெற்றி நிறைய விபூதி, வாயைத் திறந்தால் திருவாசகத்தின் போற்றி வரி. தன் தொழிலாளிகளுக்குக் கூலி உயர்த்தித் தர மட்டும் மனசு வராத முதலாளி. படத்தின் உண்மையான அடி விழுவது அங்கேதான். பக்தியை வாயில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவன் வயிற்றில் அடிக்கிறாயே என்கிறது படம். அந்த முதலாளி சைவராக இருப்பதால், சர்ச்சில் உட்கார்ந்து பார்ப்பவர் 'நம்மைச் சொல்லலை' என்று தப்பித்துவிட முடியுமா? ஞாயிறு காணிக்கையைத் தவறாமல் போட்டுவிட்டு, திங்கட்கிழமை ஊழியரின் சம்பளத்தை இழுத்தடிப்பவருக்கும் சேர்த்துத்தானே அந்தக் காட்சி!

கன்னியாஸ்திரி காட்சியை மட்டும் கட் பண்ணி அனுப்பினால், இந்தக் கேள்வி காணாமல் போகிறது. ஆறுதல் மட்டும் மிஞ்சுகிறது.

'பரியேறும் பெருமாள்' (2018) இன்னும் கூர்மையான உதாரணம். கடைசியில் பரியன், தன்னைக் கொல்லத் துணிந்த குடும்பத்தின் அப்பாவோடு அமைதியாகப் பேசுகிறான். திருப்பி அடிக்கவில்லை. 'பார்த்தீங்களா, மன்னிப்பு!' என்று ஒரு ரீல்ஸ் போட்டுவிடலாம். ஆனால் மாரி செல்வராஜ் அங்கே சட்டென்று சமாதானத்தை எழுதிவிடவில்லை. இரண்டு டீ கிளாஸ்களை அருகருகே வைத்து, நடுவில் ஒரு பூவை வைத்துவிட்டு நிறுத்துகிறார். மாற வேண்டியது எதிர்ப்பக்கம் என்பதைப் பார்ப்பவர் மனசில் விட்டுவிடுகிறார்.

அடிபட்டவனிடம் மன்னிப்பு கேட்டு வாங்குவது சுலபம். அடித்தவனிடம் மனந்திரும்புதலைக் கேட்பது கஷ்டம். பைபிள் இரண்டையும் கேட்கிறது, ரீல்ஸ் ஒன்றை மட்டும் கேட்கிறது. பக்கத்து மாவட்டமான திருச்சியில், மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து நிற்கும் சுவர் பல ஆண்டுகளாகச் சர்ச்சையில் இருக்கிறது. அந்தச் சுவரைப் பற்றிப் பேசாத சபையில், பரியனின் பொறுமையைப் பற்றி மட்டும் பேசினால் அது யாருக்கு வசதி?

ஆவுடையார்கோயில் பஸ்

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் ஏறினால் அரை மணி நேரத்தில் ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகரோடு பிணைந்த திருப்பெருந்துறை அதுதான். குதிரை வாங்கப் பாண்டிய மன்னன் கொடுத்த பணத்தில் அவர் கோயில் கட்டினார் என்பது கதை.

அந்த மாணிக்கவாசகரின் திருவாசகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் ஒரு கிறிஸ்தவ மிஷனரி. ஜி.யு.போப் 1839இல் தமிழகம் வந்தவர். 1886இல் திருக்குறளை மொழிபெயர்த்தார். திருவாசகத்தை முடித்து வெளியிட்டது 1900இல், தன் 80ஆவது வயதில். தன் விசுவாசத்தை அவர் விட்டுவிடவில்லை. அதே நேரம், வசதியான நாலு வரியை உருவிக்கொண்டு ஓடிவிடவும் இல்லை. முழுசாகப் படித்தார், சைவ சித்தாந்தத்தைக் கற்றார், மாணிக்கவாசகரை மாணிக்கவாசகராகவே பேசவிட்டார். அதனால்தான் இன்றைக்கும் சைவர்கள் அவரை மரியாதையோடு சொல்கிறார்கள்.

சினிமாவுக்கும் இந்த மரியாதை போதும். முதலில் படத்தை முழுசாகப் பார்க்கணும். இயக்குநர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு 'என் வேதம் இதைப் பற்றி என்ன சொல்கிறது' என்று பேசணும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் 'இங்கே எனக்கு உடன்பாடு இல்லை' என்று வெளிப்படையாகச் சொல்லலாம். படத்தில் வரும் வில்லனை அடுத்த மதத்திலோ அடுத்த தெருவிலோ தேடுவதற்கு முன், தன் வரிசை பெஞ்சில் ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.

இப்படிப் பார்த்தால், 'சினிமா பாவம்' என்ற பெரியவரின் பயமும் கொஞ்சம் குறையும், 'இழுக்காதீங்க' என்ற நண்பரின் கோபமும் குறையும். பாதிரியார் வாழ்க்கையை மையமாக வைத்த மணிரத்னத்தின் 'கடல்' (2013) மாதிரியான படத்தை, கிறிஸ்தவரும் மற்றவரும் சேர்ந்து பார்த்துவிட்டு டீக்கடையில் விவாதிக்கவும் முடியும்.

அடுத்த ஞாயிறு அந்த இரண்டு நிமிட வீடியோ வரும்போது, ஃபார்வர்டு பண்ணுவதற்கு முன் ஒரு கேள்வி போதும்: இந்தக் காட்சி யாரைத் திட்டுகிறது? பதில் 'அவங்களை' என்று வந்தால், படத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டியதுதான்.