எல்லாக் கதவுக்கும் ஒரே திறப்பா?

எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையிலே சென்ற ஆண்டு வரை ஒரு சொல் எழுதப்பட்டிருந்தது. என் மூத்த மகளின் பெயரும் அவள் பிறந்த ஆண்டும் சேர்ந்த அச்சொல்லே மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, மின்கட்டணம் ஆகிய யாவற்றுக்கும் நான் வைத்திருந்த கடவுச்சொல். அதைக் கண்ட இளைய மகன், "அப்பா, வாசற்கதவுக்கும் அலுமாரிக்கும் நகைப்பெட்டிக்கும் ஒரே திறப்பையா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான். பிள்ளையிடம் பாடம் கேட்பது தந்தைக்குச் சற்றுக் கசப்பே. ஆயினும் அவன் சொன்னதில் பிழையில்லை.

பஞ்சாங்கத்தைத் திருட எவனும் வரப்போவதில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 'றொக்யூ' என்னும் நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கு மேற்பட்ட கடவுச்சொற்கள் களவு போயின. அந்நிறுவனம் அவற்றை மறைகுறியாக்காமல் வெறும் எழுத்திலேயே வைத்திருந்தது! அவற்றுள் மிகுதியானோர் வைத்திருந்த சொல் எது தெரியுமா? 123456. இவ்வாறு களவாடிய பட்டியல்களைக் கொண்டு, அதே மின்னஞ்சலையும் அதே சொல்லையும் வேறு நூறு தளங்களிலே கள்வரின் இயந்திரங்கள் இட்டுப் பார்க்கும். என்றோ ஒருநாள் விளையாட்டாகச் சேர்ந்த தளமொன்றின் கவனக்குறைவால் நம் வங்கிக் கதவு திறபடுவது இவ்வாறே.

வணிகருக்கு இதனால் வரும் கேடு இன்னும் பெரிது. இங்கிலாந்தின் நோதம்ரன்ஷயரில் 1865இல் தொடங்கிய 'நைட்ஸ் ஒஃப் ஓல்ட்' என்னும் போக்குவரத்து நிறுவனத்துக்கு ஏறக்குறைய 500 லொறிகள் இருந்தன. 2023இல் ஊழியர் ஒருவரின் எளிய கடவுச்சொல்லை ஊகித்து உட்புகுந்ததாகக் கருதப்படும் கும்பலொன்று, கணக்குகள் அனைத்தையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. நிறுவனம் மீளவேயில்லை, 700 பேர் அளவில் வேலையிழந்தனர். அந்த ஊழியரிடம் இதனைத் தாம் சொல்லவில்லை என்று இயக்குநர் பின்னர் கூறினார். சொல்லத்தான் எவருக்கு மனம் வரும்?

தளத்துக்கொரு கடவுச்சொல் வேண்டும், அதுவும் நீண்டு பொருளற்றிருக்க வேண்டும் என்றால், ஐம்பது சொற்களை எவரால் மனனம் செய்ய முடியும்? அதற்காக வந்ததே 'பாஸ்வேர்ட் மனேஜர்' எனப்படும் கடவுச்சொற் பெட்டகம். கணினியிலோ கைத்தொலைபேசியிலோ இயங்கும் இச்செயலி, சொற்களைத் தானே ஆக்கி, மறைகுறியிற் பூட்டி வைத்து, உரிய தளத்தைத் திறக்கும்போது எடுத்துத் தருகிறது. நாம் நினைவில் வைக்கவேண்டியது பெட்டகத்தைத் திறக்கும் தலைமைச் சொல் ஒன்றையே. வேறொரு நன்மையும் உண்டு. வங்கியின் தளம்போலத் தோன்றும் போலித் தளம் நம் கண்ணை ஏமாற்றலாம். பெட்டகமோ முகவரியைப் பார்ப்பதால், அங்கே சொல்லைத் தானாக நிரப்பாது. 'பிட்வோர்டன்', 'கீபாஸ்' போன்றவற்றைப் பணமின்றியே பெறலாம்.

"பெட்டகமே களவு போனால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அவ்வாறு நடந்தும் இருக்கிறது. 2022இல் 'லாஸ்ற்பாஸ்' நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளரின் பெட்டகப் பிரதிகளைக் கள்வர் கொண்டுசென்றனர். தளங்களின் முகவரிகள் வெளிப்பட்டன. ஆனால் கடவுச்சொற்கள் தலைமைச் சொல்லாற் பூட்டப்பட்டிருந்தன. அச்சொல் நிறுவனத்திடமும் இல்லை. நீண்ட தலைமைச் சொல் வைத்தவருக்கு அப்பூட்டு அரணாயிற்று. எளிய சொல் வைத்தவரே பெரிதும் அஞ்ச நேர்ந்தது.

ஆகவே தலைமைச் சொல்லிற் கஞ்சத்தனம் ஆகாது. அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஆறு இடங்களிற் புரட்டி, ஒன்றோடொன்று தொடர்பற்ற ஆறு சொற்களை எடுத்துக் கோத்துவிடுங்கள். குறளும் தேவாரமும் இதற்கு உதவா. அவற்றை ஊரே அறியும். பெட்டகத்துக்கும் மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டாவது சரிபார்ப்பையும் இட்டு வையுங்கள். கடை நடத்துவோர் பணியாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வைத்து, ஒருவர் விலகும் நாளிலேயே அதை மூடிவிட்டு, அவர் அறிந்திருந்த பொதுச் சொற்களையும் மாற்றிவிட வேண்டும்.

இனி, பலர் பேசத் தயங்கும் ஒன்று. கணவர் திடீரெனக் காலமானபின், அவருடைய மின்னஞ்சலைத் திறக்க வழியின்றி, காப்புறுதிக் கடிதங்களைத் தேடித் தவித்த உறவினப் பெண்ணொருத்தியை நான் அறிவேன். பெட்டகத்தை அமைத்த அன்றே இந்நினைவு எனக்கு வந்தது. தலைமைச் சொல்லைக் கடதாசியில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, காணி உறுதிகளோடு பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, "என்னுடையதையும் எழுதித் தரட்டுமா?" என்றாள். இப்போது அங்கே இரண்டு உறைகள் இருக்கின்றன.