மாடும் மோட்டாரும்

சென்ற வாரம் நமது நண்பர் ஒருவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். திருச்சியிலிருந்து சென்னைக்குத் திரும்பும் வழியில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால், அந்தி மயங்கும் வேளையில் ஒரு பசுமாடு அவருடைய மோட்டாருக்குக் குறுக்கே வந்துவிட்டதாம். வண்டியின் மூக்கும் ஒரு கண்ணும் போயின. மாடு விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"போனால் போகிறது, இன்ஷியூரன்ஸ்தான் இருக்கிறதே!" என்று ஆறுதல் சொன்னோம்.

"இருக்கிறது. ஆனால் கம்பெனிக்காரர்கள் ஒரு காசும் தரமாட்டார்களாம்" என்றார்.

பாலிஸியை வாங்கிப் பார்த்தோம். கம்பெனியின் மீது குற்றமில்லை. நண்பர் எடுத்திருந்தது 'மூன்றாம் நபர்' இன்ஷியூரன்ஸ் மட்டுமே. நம் தேசத்தில் 1939-ம் வருஷத்து மோட்டார் சட்டத்தின் கீழ், 1946 ஜூலை 1 முதல் இன்ஷியூரன்ஸ் கட்டாயமாயிற்று. இப்போது அமுலில் இருக்கும் 1988-ம் வருஷத்துச் சட்டமும் அதையே வற்புறுத்துகிறது. ஆனால் கட்டாயமெல்லாம் நம் வண்டியால் பிறருடைய உயிருக்கும் உடைமைக்கும் நேரும் நஷ்டத்துக்குத்தான். நம் வண்டியைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலை இல்லை. அதற்கு 'சொந்தச் சேதம்' என்ற பகுதியையும் சேர்த்து வாங்க வேண்டும். மாட்டின் மேல் மோதினாலும், மாட்டுக்கு விலகிப் புளியமரத்தின் மேல் மோதினாலும் அது உதவும். அப்போதும் முதல் சிறு தொகை நம்முடையது. ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்குச் சாதாரணமாகப் பாதி விலைதான் கிடைக்கும். நஷ்டஈடே கேளாதவருக்கு முதல் வருஷம் 20 சதவிகிதத்தில் தொடங்கி 50 சதவிகிதம் வரை வளரும் சலுகையும் போய்விடும். ஆகையால், சிறு கீறலுக்கெல்லாம் கம்பெனியின் கதவைத் தட்டுவது புத்திசாலித்தனமல்ல.

இதுவரை மோட்டாரின் கட்சி. மாட்டின் கட்சி என்ன?

மாடும் பிறருடைய உடைமைதான். ஓட்டியவர் பேரில் தவறு என்று ஏற்பட்டால், நண்பருக்கு ஒரு காசும் தராத அதே பாலிஸி மாட்டுக்காரருக்கு நஷ்டஈடு கொடுத்திருக்கக் கூடும்! கறவை மாட்டை நம்பி அடுப்பு எரியும் வீட்டில் அது சின்ன விஷயமா?

"மாட்டுக்காரர் என்ன சொன்னார்?" என்று கேட்டோம்.

"யாரும் வரவில்லை. நானும் நிற்கவில்லை" என்றார் நண்பர்.

கூட்டம் கூடிவிடுமே என்று இவருக்குப் பயம். மோட்டாருக்கு நஷ்டஈடு கேட்பார்களே, மாட்டை அவிழ்த்துவிட்டது யார் என்று அதட்டுவார்களே என்று அவருக்குப் பயம். இரண்டு பயங்களுக்கும் நடுவே அந்த வாயில்லாப் பிராணி கிடந்தது.

சட்டம் இவ்விஷயத்தில் நம்மைவிடத் தயை உள்ளது. மிரளும் பிராணியை ஓட்டி வருகிறவர் கேட்டுக்கொண்டால் மோட்டாரை நிறுத்தியே ஆக வேண்டும். குதிரை, மாடு, யானை, ஒட்டகம், கழுதை, கோவேறு கழுதை, செம்மறி, வெள்ளாடு என்று ஒரு ஜாபிதாவே இருக்கிறது. நாய்க்கு மட்டும் அதில் இடமில்லை, பாவம்! பிறர் உடைமைக்குச் சேதம் நேர்ந்தால், அங்கே போலீஸ் அதிகாரி இல்லாதபோது, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனில் தெரிவிக்க வேண்டும். கம்பெனிக்கும் எழுத வேண்டும். ஓடிப்போகிறவர் தம் கடமையை மட்டுமல்ல, பிறர் பெறக்கூடிய பணத்தையும் சேர்த்துக்கொண்டு ஓடுகிறார்.

மாடு வளர்ப்போருக்கும் ஒரு வார்த்தை. நெடுஞ்சாலை மேய்ச்சல் நிலமல்ல. மாட்டுக்கும் இன்ஷியூரன்ஸ் உண்டு. அதற்கு அடையாளமாகக் காதில் ஒரு வில்லை மாட்டுவார்கள். வில்லை தொலைந்தால் பணம் கிடைப்பது கஷ்டம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அந்தப் பசுவின் காதில் வில்லை இருந்ததா?" என்று கேட்டோம்.

நண்பர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அதைப் பார்க்க வண்டியை விட்டு இறங்கியிருக்க வேண்டுமே!" என்றார்.