அடைத்த காற்றும் அபாயம்தான்!

காற்றுக்கு எவ்வளவு பலம் உண்டு? சேலம், நாமக்கல் ஜனங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாமக்கல், லாரிகளின் ஊர். லாரி டயருக்கு 100 பவுண்டுக்கு மேல் காற்று பிடிக்கிறார்கள். காற்று அடைக்கும்போது டயர் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து என்று கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடு முழுவதும் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. பாறையை உடைப்பதும் தூளை மேலே தள்ளுவதும் எது? கம்ப்ரசர் காற்றுதான். சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர் லாரிகளின் தென்மண்டல உரிமையாளர் சங்கத்துக்குத் தலைமை இடமும் நாமக்கல்தான்.

காற்றையும் வாயுவையும் அடைத்துப் பிழைக்கும் சீமை இது. இங்கே பிறந்த பிள்ளைகள், காற்றால் சுடும் துப்பாக்கியைப் 'பொம்மை' என்று நினைத்துக் கையில் எடுக்கலாமா? இந்த வாரம் நாம் கேட்கும் கேள்வி இதுதான்.

என்ன விளையாட்டு?

'பெயிண்ட்பால்' என்று ஒரு விளையாட்டு. இரண்டு கட்சியாகப் பிரிந்து, சாயம் நிரம்பிய உருண்டையால் ஒருவரை ஒருவர் சுட வேண்டும். சாயம் பட்டவர் ஆட்டம் இழந்தார். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இதற்கென்றே மைதானங்கள் இருக்கின்றன. சேலத்திலிருந்து பெங்களூரு 200 கிலோமீட்டர்தான். விடுமுறைக்குப் போகும் பிள்ளைகள் விளையாடிவிட்டு வருகிறார்கள். சொந்தமாகத் துப்பாக்கி வாங்கவும் ஆசைப்படுகிறார்கள்.

இந்தத் துப்பாக்கி விளையாட்டுக்காகப் பிறந்தது அல்ல. அமெரிக்காவில் காட்டு இலாகாவினர் வெட்ட வேண்டிய மரத்துக்கும், பண்ணைக்காரர்கள் மாட்டுக்கும் தூரத்திலிருந்தே சாய அடையாளம் போட இதைப் பயன்படுத்தினார்கள். 'மார்க்கர்' (குறியிடும் கருவி) என்ற பெயர் வந்தது அதனால்தான். 1981 ஜூன் மாதம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 12 பேர் சேர்ந்து இதை வைத்து முதன்முதலாக விளையாடினார்கள். இன்று உலகம் எங்கும் ஆடுகிறார்கள்.

உருண்டை சின்னது, வேகம் பெரிது!

உருண்டையின் எடை சுமார் 3 கிராம். தோல், மாத்திரைக் கூடுபோல ஜெலட்டினால் ஆனது. ஆனால் வேகம்? விநாடிக்கு 300 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது இந்த விளையாட்டில் பொதுவான எல்லை. அந்த எல்லையே மணிக்கு 330 கிலோமீட்டர்! உடம்பில் பட்டால் கன்றிப் போகும். கண்ணில் பட்டால் பார்வை போகும்.

இந்த வேகத்தைத் தருவது துப்பாக்கியில் மாட்டும் சிலிண்டர். அதில் கரியமில வாயு இருக்கும். அல்லது வெறும் காற்று இருக்கும். காற்று சிலிண்டரில் 3,000 பவுண்டு அழுத்தம் சாதாரணம். லாரி டயரைப்போல் 25 மடங்குக்கும் மேல்!

"கரியமில வாயு எரியாதே, பிறகு என்ன பயம்?" என்று கேட்கலாம். எரியாது, உண்மை. ஆனால் அடைபட்ட வாயு ஆளை அடிக்க நெருப்பு தேவையில்லை.

காலையில் சரி, மதியம் தவறு!

கரியமில வாயு சிலிண்டருக்குள்ளே திரவமாக இருக்கிறது. சூடு ஏறினால் அழுத்தமும் ஏறும். 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 830 பவுண்டு. 30 டிகிரியில் சுமார் 1,040 பவுண்டு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இன்னும் மேலே போகும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் வைத்தாலோ, கேட்கவே வேண்டாம்.

ஆகவே, காலை 8 மணிக்கு அளவாகச் சுட்ட துப்பாக்கி, உச்சி வெயிலில் எல்லையைத் தாண்டிச் சுடும். யாரும் திருகைத் தொட்டிருக்க மாட்டார்கள். வெயிலே திருகிவிடும்! குளிர் நாட்டில் எழுதிய குறிப்புப் புத்தகத்தை நம்பிச் சேலத்து வெயிலில் விளையாடக் கூடாது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை வேகத்தை அளந்தே தீர வேண்டும்.

வேகத்தை எப்படிச் சரி செய்வது?

வேகத்தை அளக்க ஒரு மானி உண்டு. கண் மதிப்பு, காது மதிப்பு எல்லாம் உதவாது. முகமூடி அணிந்துகொண்டு மானியின் மேலாக நாலைந்து முறை சுட வேண்டும். சராசரியைப் பார்க்கக் கூடாது. வந்ததிலே எது அதிகமோ அதைத்தான் பார்க்க வேண்டும். கண்ணில் படுவது சராசரி உருண்டை அல்லவே!

வேகம் அதிகமாக இருந்தால், வேகத் திருகைக் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடியும் சுட்டுப் பாருங்கள். திருகின உடனே வரும் முதல் ஒன்றிரண்டு அளவை நம்ப வேண்டாம். எந்தப் பக்கம் திருகினால் குறையும் என்பது கருவிக்குக் கருவி மாறும். கருவியோடு வந்த குறிப்பைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

உருண்டைகளையும் கவனியுங்கள். சூட்டிலும் ஈரத்திலும் ஜெலட்டின் ஊதிப் போகும். ஊதின உருண்டை குழலுக்குள்ளேயே உடையும். அவற்றைக் காற்றுப் புகாத பையில், நிழலில் வையுங்கள். விறைக்க வைத்துச் சுடுவது விளையாட்டல்ல, கொடுமை.

எடுத்துச் செல்லும்போது

டேங்கர் ஓட்டுநர் வால்வைச் சரி பார்க்காமல் வண்டியை எடுப்பாரா? அதே புத்தி இங்கேயும் வேண்டும். வரிசை இதுதான்.

முதலில் உருண்டைப் பெட்டியைக் கழற்றுங்கள். குழலுக்குள் உருண்டை தங்கியிருந்தால், ஆள் இல்லாத பக்கம் சுட்டு வெளியேற்றுங்கள். பிறகு சிலிண்டரைக் கழற்றுங்கள். கழற்றின பிறகும் கருவிக்குள் கொஞ்சம் வாயு நிற்கும். சத்தம் நிற்கும்வரை விசையை அழுத்தி அதையும் போக்குங்கள். கடைசியில் விசைப் பூட்டைப் போட்டு, குழல் வாயில் உறை மாட்டுங்கள். எல்லாம் முடிந்தும், 'இதில் உருண்டை இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டே கையாளுங்கள்.

மூடிய பையில் கொண்டு போங்கள். பார்வைக்கு நிஜத் துப்பாக்கி போலவே இருப்பதால், பஸ் நிலையத்தில் வெளியே எடுத்தால் வீண் பீதி. ரயிலில் சிலிண்டரை எடுத்துச் செல்லும் எண்ணமே வேண்டாம். அபாயமான சரக்கை ரயிலில் கொண்டு போவது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். 2023 ஆகஸ்டில் மதுரையில் ரயில் பெட்டி எரிந்து 9 பேர் மாண்டார்கள். பயணிகள் கொண்டுவந்த சமையல் வாயு சிலிண்டர்தான் காரணம். நம்முடையது எரியாத வாயுவாக இருக்கலாம். ஆனால் நெருப்புக்கு நடுவே எந்தச் சிலிண்டரும் வெடிக்கும்.

நகப்பாலிஷ் கோடு

சிலிண்டரைக் கழற்றும்போது இன்னொரு கண்டம் உண்டு. சில சமயம் சிலிண்டர் கழலாமல், அதன் வாயில் இருக்கும் வால்வு கழன்றுவிடும். அப்புறம் அது சிலிண்டர் அல்ல, ராக்கெட்! அமெரிக்காவில் இப்படிப் பறந்த சிலிண்டர் மோதி உயிரே போயிருக்கிறது.

இதற்குக் கைவைத்தியம் சுலபம். வால்விலிருந்து சிலிண்டர் கழுத்துவரை நகப்பாலிஷால் நேராக ஒரு கோடு போடுங்கள். கழற்றும்போது வால்வும் சிலிண்டரும் சேர்ந்தே சுற்ற வேண்டும். கோடு இரண்டாகப் பிரிந்தால் உடனே நிறுத்துங்கள். தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள்.

சிலிண்டர் வாயில் எண்ணெய், கிரீஸ் தடவ வேண்டாம். காலம் முடிந்த சிலிண்டரைச் சோதனை செய்யாமல் நிரப்ப வேண்டாம். சோதித்த தேதி அதன்மேல் இருக்க வேண்டும்.

ஓரியின் அம்பு

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தது என்று புறநானூறு சொல்கிறது. ஆடி மாதம் அங்கே அவனுக்கு விழா எடுக்கிறார்கள். வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. குறி பார்ப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல.

ஆனால் குறியைத் தாண்டிப் போவது வேட்டையில்தான் பெருமை. விளையாட்டில் அது ஆபத்து. மைதானத்தைச் சுற்றி வலை கட்டுவது இதற்காகத்தான். வலைக்கு உள்ளே இருக்கும்வரை முகமூடியைக் கழற்றக் கூடாது. வியர்த்தாலும் கூடாது, ஆட்டம் முடிந்தாலும் கூடாது. இந்த விளையாட்டில் கண் இழந்தவர்களில் பெரும்பாலோர் முகமூடி இல்லாத நேரத்தில் அடிபட்டவர்களே. மூக்குக் கண்ணாடி முகமூடி ஆகாது. திருவிழாக் கடையில் பலூன் சுடும் காற்றுத் துப்பாக்கிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

பெற்றோர் கேட்கட்டும்!

விளையாட்டை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகள் ஓடட்டும், ஒளியட்டும், குறி பார்க்கட்டும். ஆனால் காசு கட்டுமுன் பெற்றோர் மூன்று கேள்வி கேட்க வேண்டும். "இன்று வேகத்தை அளந்தீர்களா? சிலிண்டரைச் சோதித்த தேதி எது? ஒவ்வொரு பிள்ளைக்கும் முழு முகமூடி உண்டா?"

மைதானம் நடத்துகிறவர்கள் இந்த மூன்றுக்கும் பதிலை வாசலிலேயே பலகையில் எழுதி வைக்கட்டும். அதிகாரிகளும் அந்தப் பலகையைப் பார்த்துச் சோதிக்கட்டும். பதில் சொல்லத் தயங்கும் இடத்திலிருந்து பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுங்கள்.

டிக்கெட் காசு போனால் போகட்டும். கண் போனால் வருமா?