தண்ணீர் சேர்ந்தால் அது தைலமல்ல

"தேங்காய் எண்ணெய், கற்றாழை, தேன்மெழுகு மட்டும்தான். கெமிக்கல் இல்லை, பயமில்லாமல் பூசலாம்." வீட்டில் முகக் கிரீம் செய்து விற்பவர்கள் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொன்னாலும் இது தவறான உறுதிமொழி. அவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'பாட்டி காலத்தில் பிரிசர்வேட்டிவ் ஏது?'

இல்லைதான், தேவைப்படவும் இல்லை. தைலம் காய்ச்சுபவர் மூலிகைச் சாற்றின் ஈரம் முழுக்க வற்றும்வரை அடுப்பிலிருந்து இறக்கமாட்டார். திரியைத் தைலத்தில் தோய்த்துக் கொளுத்திப் பார்ப்பார். சடசடவென்று பொரிந்தால் இன்னும் நீர் இருக்கிறது; சத்தமின்றி எரிந்தால்தான் பதம். நீரில்லாத எண்ணெயில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகுவதில்லை. சந்தனமும் மஞ்சளும் அன்றன்றைக்கு அரைத்துப் பூசப்பட்டவை. கற்றாழைச் சாறு கலந்த கிரீமை மாதக்கணக்கில் டப்பாவில் வைத்திருக்கும் வழக்கம் பாட்டிக்கு இல்லை.

'தேன்மெழுகு சேர்த்து மிக்ஸியில் அடித்தால் போதும்.'

அடித்த உடனே வெண்ணெய் போலத் திரண்டு நிற்கும், பிறகு பிரியும். தேன்மெழுகு கிரீமைக் கெட்டிப்படுத்துமே தவிர, தான் மட்டுமாக எண்ணெயையும் நீரையும் பிணைத்து வைக்காது. பழைய கோல்டு கிரீம்களில் அதனுடன் வெண்காரம் சேர்த்தார்கள். மெழுகிலுள்ள அமிலமும் வெண்காரமும் வினைபுரிந்து உண்டான சோப்புதான் இரண்டையும் பிணைத்தது. நீரில் கலந்திருக்கும் எண்ணெய்த் துளியின் விட்டம் பாதியானால் அது மேலே மிதந்து வரும் வேகம் கால்பங்காகிவிடும். துளிகளைச் சிறிதாகவும் ஒன்றோடொன்று சேராமலும் வைத்திருக்க எமல்சிஃபையர் எனும் பிணைப்புப் பொருள் அவற்றைச் சுற்றிப் படிய வேண்டும். எந்த எண்ணெய்க்கு எந்த எமல்சிஃபையர் பொருந்தும் என்று கணிக்க, வேதியியலாளர் வில்லியம் கிரிஃபின் 1949இலேயே ஹெச்.எல்.பி. (நீர்நாட்ட-எண்ணெய்நாட்டச் சமநிலை) அளவுகோலை வகுத்துக் கொடுத்தார். கண்ணளவில் முடிகிற காரியமல்ல இது.

'வைட்டமின் ஈ கேப்ஸ்யூல் கெடாமல் பார்த்துக்கொள்ளும்.'

எண்ணெயை மட்டும். காற்றுபட்டு எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதை அது தள்ளிப்போடும். நீர்ப்பகுதியில் வளரும் கிருமிகளை அது தடுக்காது. இந்த ஒரு குழப்பமே பல டப்பாக்களில் பூஞ்சை பிடிக்கக் காரணம்.

'ஃபிரிட்ஜில் வைத்தால் போதும்.'

குளிர் கிருமிகளின் வளர்ச்சியை மந்தப்படுத்தும், நிறுத்தாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். உள்ளே உறைந்து, வெளியே எடுத்ததும் உருகி, மறுபடி உறையும்போது துளிகள் ஒன்றுசேர்ந்து கிரீம் திரிந்துவிடும்.

'பார்க்க நன்றாக இருக்கிறது, மணக்கிறது. அப்புறம் என்ன?'

கெட்டுப்போன கிரீம் எல்லாமே நாறுவதில்லை. ஐஎஸ்ஓ 17516 தரநிலைப்படி, பொதுவான அழகுசாதனப் பொருளில் ஒரு கிராமுக்கு 1,000 நுண்ணுயிர்களுக்கு மேல் இருக்கக் கூடாது. கண்ணருகே பூசுவதிலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானதிலும் 100. சூடோமோனாஸ் போன்ற கிருமி இருக்கவே கூடாது. அது கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வையையே பறிக்கக்கூடியது. ஆய்வகச் சோதனை இல்லாமல் கிருமி இருக்கிறதா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

'பிரிசர்வேட்டிவ் எல்லாம் விஷம்.'

அளவைச் சொல்லாமல் விஷம் என்பது பொருளற்றது. ஃபீனாக்ஸி எத்தனாலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்சவரம்பு 1 சதவீதம். ஊறுகாயில் போடும் சோடியம் பென்சோயேட்டே கிரீமுக்கும் பயன்படுகிறது. கிரீமின் பி.ஹெச். சுமார் 5க்குக் கீழே இருந்தால்தான் அது சரியாக வேலை செய்யும். அளந்து பார்த்துச் சேர்க்க வேண்டும்.

தாவர எண்ணெய்கள் அருமையான பொருள்கள். அவற்றை நம்பி சிறுதொழில் நடத்தும் பெண்கள் வளர வேண்டும். அதனால்தான் சொல்கிறேன்: பிரிசர்வேட்டிவ் வேண்டாம் என்றால் நீரில்லாத தைலமும் மெழுகுத் தைலமும் செய்யுங்கள். நீர் சேர்ப்பதென்றால் எமல்சிஃபையர், பிரிசர்வேட்டிவ், ஆய்வகச் சோதனை மூன்றும் வேண்டும். இந்தியாவில் விற்பதற்கு 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரிப்பு உரிமமும் வேண்டும். வாங்குபவர்கள் 'கெமிக்கல் இருக்கிறதா?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'இதில் தண்ணீர் இருக்கிறதா, இருந்தால் எப்படிப் பாதுகாத்தீர்கள்?' என்று கேளுங்கள்.