ஒருகல் மண்டபத்தில் பெயர் எழுதியவர்கள்

திருக்கழுக்குன்றம் போகிறவர்கள் 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏறி வேதகிரீஸ்வரரைக் கும்பிடுவார்கள். முன்பெல்லாம் உச்சிவேளையில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட வரும் கழுகுகளையும் பார்த்துவிட்டு இறங்குவார்கள். 1990-களின் கடைசியோடு கழுகுகளின் வரவு நின்றுவிட்டது. ஆனால், இறங்கும் வழியில் 7-ம் நூற்றாண்டிலிருந்தே ஒன்று அங்கேயே இருக்கிறது. கால் வலியில் பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதுதான் ஒருகல் மண்டபம்.

மலைப்பாறையை அப்படியே குடைந்து செய்த சிவன் கோயில் இது. கருவறை வாசலில் துவாரபாலகர்கள், சுவரில் பிரம்மாவும் விஷ்ணுவும். வாதாபியை வென்ற நரசிம்மவர்மனின் கல்வெட்டும் உண்டு. மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த அதே மாமல்லன்தான்!

கட்டிய கோயிலில் தூண் உடைந்தால் வேறு கல் நிறுத்தலாம். குடைவரையில் அதற்கு வழியில்லை. வேண்டாத கல்லை உளியால் செதுக்கி எடுத்தபின் மிச்சம் நிற்பதுதான் தூண், அதுதான் சிலை. பாறையிலிருந்து போனது போனதுதான், ஒட்டவைக்க முடியாது.

தூண்களை நிதானமாகப் பார்த்தால் அந்நிய எழுத்துகள் தெரியும். 17-ம் நூற்றாண்டில், பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் துணி வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள் மலையேறி வந்து வெட்டிவிட்டுப் போன பெயர்கள் அவை. கடல் கடந்து வந்தும் இந்தக் கை அரிப்பு போகவில்லை பாருங்கள்!

இன்று அந்தப் பெயர்களையும் வரலாற்று ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். 'அவங்க எழுதினா வரலாறு, நாங்க எழுதினா குற்றமா?' என்று சில தம்பிகள் கேட்கலாம். ஆமாம், குற்றம்தான். 1958-ம் ஆண்டு தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்தே கிடைக்கும். அதோடு, டச்சுக்காரர் வெட்டியதும் காயம்தான். பழசாகிவிட்டது என்பதற்காக அந்தத் தூண் பழையபடி ஆகிவிடவில்லை.

வெயில் ஏறினால் படிகள் சுடும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் டச்சு எழுத்து எந்தத் தூணில் இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பைக் சாவி மட்டும் பெரியவர்களின் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.