குனிந்தாலும் ஓய்வெடுக்காத முதுகுத் தசை!

‘ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே... அப்புறம் எப்படி வலிக்கும்?’ - நாள்பட்ட இடுப்புவலியோடு இருக்கும் பெண்கள் பலர் வீட்டில் எதிர்கொள்ளும் கேள்வி இது.

ஸ்கேன் காட்டுவது எலும்பையும் டிஸ்க்கையும். தசை எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது ‘ஈ.எம்.ஜி’. முதுகுத்தண்டின் இருபுறமும் எலெக்ட்ரோடுகளை ஒட்டி, தசையில் எழும் மின்துடிப்பைப் பதிவு செய்வார்கள். ஊசி இல்லை, ஷாக்கும் அடிக்காது.

வலி இல்லாதவர்கள் முழுவதுமாகக் குனியும்போது முதுகுத் தசை கிட்டத்தட்ட அமைதியாகிவிடும். பாரத்தைத் தசைநார்கள் தாங்கிக்கொள்ளும். 1955-லேயே ஃபிளாய்டு, சில்வர் என்ற ஆய்வாளர்கள் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். நாள்பட்ட வலி உள்ள பலருக்கோ, குனிந்த பிறகும் தசை ஓய்வெடுப்பதில்லை. இன்னும் வலித்துவிடுமோ என்ற பயமும் தசையை இறுக்கிப் பிடிக்கும்.

வலிக்கான காரணத்தை இந்த அளவீடு மட்டுமே சொல்லிவிடாது. ஆனால், ஸ்கேன் நார்மல் என்பதால் வலி பொய்யாகிவிடாது என்று இது புரியவைக்கிறது. முறையான பயிற்சிக்குப் பிறகு பலருக்குத் தசையின் அமைதி திரும்பியிருப்பதும் ஆறுதல். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதலும் நாள்பட்ட இடுப்புவலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. வழக்கமாக பெல்ட் அணிவதை அல்ல.

வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீரை அடக்க முடியாவிட்டாலோ உடனே டாக்டரைப் பாருங்கள்!