இறால் குட்டைக்குச் சுண்ணாம்பு அளந்து இடுதல் வேண்டும்

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேவை. மிகுந்தால் வாய் வெந்துவிடும். இதனை அறியாதார் நம்மில் ஒருவருமிலர். ஆயினும், இறால் வளர்க்கும் உவர்நீர்க் குட்டைகளில் அச்சுண்ணாம்பையே மூட்டைக் கணக்கில், அளவு பாராது கொட்டும் வழக்கம் கடற்கரைக் கிராமங்களில் உண்டு. அது கைவிடப்படவேண்டும் என்பதே எமது அபிப்பிராயம்.

சுண்ணாம்பு எல்லாம் ஒன்றல்ல. சுட்ட சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்பும் காரம் மிக்கவை. புளிப்பையும் காரத்தையும் காட்டும் பி.எச். எண், தெளிந்த சுண்ணாம்பு நீரில் 12-க்கும் மேற்பட்டது. ஒரு லிட்டர் நீரில் சுமார் 1.7 கிராம் நீற்றிய சுண்ணாம்பே கரையும். எஞ்சியது பாலாக நின்று, குட்டையிற் சேர்ந்தபின் மேலும் கரையும். ஆதலின் கரைத்த பாத்திரத்தைக் கண்டு அளவை நிர்ணயித்தல் இயலாது. சுண்ணாம்புக்கல் பொடியோ மெதுவாகக் கரைவது, பி.எச். எண்ணை 8.3-க்கு மேல் பெரிதும் உயர்த்தாது.

தீங்கு நேரும் விதம் யாதெனில்: பகலில் பாசிகள் கரியமிலவாயுவை உட்கொள்வதால் நீரின் பி.எச். தானே உயரும். அச்சமயம் நீற்றிய சுண்ணாம்பும் சேரின், நீரிலுள்ள அம்மோனியா நச்சுருவம் அடைகிறது. 30 டிகிரி செல்ஷியஸ் வெப்பத்தில், பி.எச். 8 ஆயின் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான பாகமே நச்சு. 9 ஆயின் மூன்றிலொரு பங்குக்கு மேல். பல மாத உழைப்பும் கடன்பட்ட முதலும் அழிய இதுவே போதும்.

"மழைக்குப்பின் சுண்ணாம்பு இடுவது அனுபவத்தில் கண்டதன்றோ?" எனச் சிலர் வினவுவர். உண்மையே. மழைநீர் குட்டையின் காரத்தன்மையைக் குறைக்கும். தோலுரித்த இறாலின் புதுத்தோல் இறுகச் சுண்ணச்சத்தும் வேண்டும். ஆயினும் எவ்வளவு என்பதைச் சோதனையே கூறும், வழக்கம் கூறாது.

ஆகவே, சுட்ட சுண்ணாம்பைக் குட்டை வறண்டிருக்கையில், புளிப்பு மண்ணைத் திருத்துதற்கு மட்டும் இடுக. இறால் உள்ள குட்டைக்குச் சுண்ணாம்புக்கல் பொடியையே சிறுகச் சிறுக இடுக. காலையிலும் மாலையிலும் பி.எச். பார்த்துக் குறித்து வருக. அது 7.5 முதல் 8.5 வரை இருத்தல் நலம். ஒரே நாளில் காணும் வேறுபாடு 0.5-க்கு மேற்படலாகாது.

சோதனைப் பெட்டியின் விலை சிறு சாகுபடிக்காரர்களுக்குப் பாரமாயின், ஊருக்கொன்று பொதுவில் வாங்கக் கிராம அதிகாரிகள் முன்நின்று ஏற்பாடு செய்வாராக. ஒருவர் குட்டையின் கழிவுநீர் அடுத்தவர் குட்டைக்கும் வாய்க்காலுக்கும் செல்லுமாதலால், இது ஊர்ப்பொதுக் காரியமேயாகும். மூட்டைச் சுண்ணாம்பு வாங்குமுன் ஒரு குப்பி நீரைச் சோதித்தறிக. அதற்காகும் செலவு சிறிது. அது காக்கும் முதலோ பெரிது.